டோக்கியோ மிராஜ் செஷன்ஸ்: முதல் சில அத்தியாயங்களுக்குப் பிறகு சில கேள்விகள், பதில்கள்

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் வந்த ‘டோக்கியோ மிராஜ் செஷன்ஸ் ஷார்ப் எஃப்.இ. என்கோர்’ பதிப்பை ஆடத் தொடங்கி, ஆரம்ப அத்தியாயங்களைத் தாண்டியிருக்கும் நிலையில் எழுதியது இது. கதையின் பின்பாதியைப் போட்டு உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், இது என்ன கேம்? எதற்கும் எதற்கும் கூட்டு?

அட்லஸ் நிறுவனம் உருவாக்கிய ஜப்பானிய ஆர்.பி.ஜி. இது, அதாவது பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே கதைக்குள் போகும் வகை. சண்டை முழுக்க ஒருவர் பின் ஒருவராக அடிக்கும் டர்ன் முறைதான். ஒரு பக்கம் அட்லஸின் ஷின் மெகாமி டென்செய் வரிசை, இன்னொரு பக்கம் நின்டெண்டோவுக்காக இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் உருவாக்கும் ஃபயர் எம்பளம் வரிசை. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். முதலில் நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூவுக்கு வந்தது: ஜப்பானில் 2015 டிசம்பர், மற்ற இடங்களில் 2016 ஜூன். வீ யூவை வாங்கியவர்களே குறைவு என்பதால் கேமும் அதிகம் பேர் கண்ணில் படவில்லை. 2020 ஜனவரியில் என்கோர் என்ற பெயரில் ஸ்விட்சுக்கு வந்த பிறகுதான் பலர் முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தார்கள்.

இந்த இரண்டு தொடர்களுமே கொஞ்சம் இறுக்கமான முகம் கொண்டவை. ஒன்றில் பேய்களோடு பேரம் பேசவேண்டும், உலகம் அழிந்துகொண்டிருக்கும். மற்றதில் ராஜ்ஜியங்கள் மோதும், செத்த வீரன் செத்தவன்தான், திரும்பி வரமாட்டான். இவை இரண்டும் கைகோத்தால் எவ்வளவு இருட்டான கதை பிறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்தது என்னவோ டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு கலைஞர் மேலாண்மை நிறுவனம், பாப் பாட்டு, டிவி சமையல் நிகழ்ச்சி, சூப்பர் ஹீரோ வேஷம் போட ஏங்கும் ஒரு பையன். இந்தக் கிறுக்குத்தனம்தான் கேமின் அடையாளம். பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது, பிடிக்காதவர்கள் முதல் பாட்டிலேயே எழுந்து போய்விடுகிறார்கள்.

அறிவித்தபோது வேறு மாதிரி சொன்னார்களே?

சொன்னார்கள் என்பதைவிட, சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் சரி. 2013 ஜனவரியில் நின்டெண்டோ காட்டிய முன்னோட்டத்தில் இரண்டு தொடர்களின் பெயரும், நடுவில் ஒரு பெருக்கல் குறியும், மாறி மாறி வந்த பழைய பாத்திரங்களின் படங்களும்தான் இருந்தன. இருபக்க ரசிகர்களும் அவரவர் மனதில் ஒரு கேமைக் கட்டி முடித்துவிட்டார்கள். கட்டம் போட்ட போர்க்களத்தில் இளவரசர்களும் பேய்களும் மோதுவதாகத்தான் பெரும்பாலானோர் கற்பனை செய்திருந்தார்கள். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் சத்தமே இல்லை. 2015 ஏப்ரலில் நிஜமான கேமைக் காட்டியபோது மேடை விளக்குகளும் மைக்கும் நடனமும் வந்து நின்றன. அன்றைக்குக் கிளம்பிய ஏமாற்றம் இன்றும் சிலரிடம் மிச்சம் இருக்கிறது.

என் கருத்து இதுதான்: கூட்டு என்ற சொல்லை மறந்துவிட்டு ஆடினால் இந்த கேம் பிரமாதம். அதை மனதில் வைத்துக்கொண்டே ஆடினால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ‘இது எங்கே, அது எங்கே’ என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரே விஷயத்தின் வெவ்வேறு முகங்கள்தான்.

ஃபயர் எம்பளம் ஒன்றுகூட ஆடியதில்லை. ஷின் மெகாமி டென்செய் பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். புரியுமா?

தாராளமாகப் புரியும். எதுவும் தெரியாமல் வருபவருக்குத்தான் இது இன்னும் சுலபமாகப் பிடிக்கும் என்றுகூடத் தோன்றுகிறது. ஃபயர் எம்பளம் பாத்திரங்களான குரோம் யார், தார்ஜா யார் என்று தெரிந்திருந்தால் ஒரு புன்னகை கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் ஃபயர் எம்பளம் இதில் எங்கேதான் இருக்கிறது?

மூன்று இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்று, ‘மிராஜ்’ எனப்படும் துணைவர்கள். வேறொரு உலகத்திலிருந்து வந்த, நினைவிழந்த ஆவிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகன் இட்சுகியோடு இணைபவர் குரோம். நாயகி த்சுபாசாவோடு சீடா. டோமாவுக்கு கெயின், பாடகி கிரியாவுக்கு தார்ஜா, எலியோனோராவுக்கு வீரியன். முகத்தைப் பாதி மறைக்கும் கவசமும் ஒளிரும் கோடுகளுமாக எல்லோரையும் மறுபடி வரைந்திருப்பதால், பெயர் சொன்னால்தான் ‘ஓ, இவரா’ என்று பிடிபடுகிறது. சண்டையில் இவர்கள் ஆயுதமாக மாறிவிடுவார்கள். சீடா பறக்கும் குதிரையாகவே மாறிவிடுகிறாள், த்சுபாசா அதன்மேல் ஏறி ஈட்டியோடு பாய்கிறாள்.

இரண்டு, விதிகள். வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும் என்ற பழைய முக்கோணம் அப்படியே இருக்கிறது. மாஸ்டர் சீல் என்ற பொருளைக் கொடுத்து கிளாஸ், அதாவது வீரரின் வகையை, மாற்றுவதும் உண்டு. ஆனால் கட்டம் போட்ட வரைபடம் கிடையாது, ஒருமுறை விழுந்தால் நிரந்தர மரணமும் கிடையாது.

மூன்று, சின்னச் சின்னச் சீண்டல்கள். ஷிபுயாவில் ஹீ ஹோ மார்ட் என்றொரு இருபத்து நான்கு மணிநேரக் கடை வருகிறது. கல்லாவில் நிற்பது அன்னா, ஃபயர் எம்பளம் தொடரில் எங்கு போனாலும் வியாபாரம் செய்துகொண்டு நிற்கும் அதே செம்முடிப் பெண். கடையின் பெயரோ அட்லஸின் செல்லப் பனிப்பேய் ஜாக் ஃபிராஸ்ட் எப்போதும் முனகும் ‘ஹீ ஹோ’விலிருந்து எடுத்தது. கூட்டு என்ற பெயருக்கு முழு நியாயம் செய்யும் இடம் அந்தக் கடைதான்!

ஷின் மெகாமி டென்செய் பக்கம் இன்னும் ஒளிந்திருக்கிறது. நெருப்புக்கு அகி, பனிக்கு புஃபு, மின்னலுக்கு சியோ, குணமாக்க தியா என்ற மந்திரப் பெயர்களும், எதிரியின் பலவீனத்தைத் தேடி அடிக்கும் பழக்கமும் அங்கிருந்து வந்தவை. பேய்களைச் சேர்க்கும், பேரம் பேசும் வேலை எதுவும் இல்லை.

கதை எதைப் பற்றியது?

ஐந்து வருடங்களுக்கு முன் ஓர் ஓப்பரா நிகழ்ச்சியில் மேடையில் இருந்தவர்களும் பார்வையாளர்களும் ஒரே நொடியில் காணாமல் போகிறார்கள். மிஞ்சியது சிறுமி த்சுபாசா மட்டும். அவளுடைய அக்கா அயஹாவும் மறைந்தவர்களில் ஒருத்தி. இப்போது வளர்ந்த த்சுபாசா, பாடகியாகும் ஆசையோடு ஒரு தேர்வுக்கு வருகிறாள். அந்த மேடையிலும் அதேபோல விபரீதம் நடக்கிறது. தற்செயலாக அங்கே வந்த இட்சுகி அவளைத் தேடிக்கொண்டு இன்னொரு உலகத்துக்குள் நுழைகிறான்.

மனிதர்களுக்குள் இருக்கும் படைப்பாற்றல், பாடவோ நடிக்கவோ தூண்டும் சக்தி, இதை ‘பெர்ஃபார்மா’ என்கிறார்கள். கெட்ட மிராஜ்கள் அதைத் திருடுகின்றன. அதைத் தடுக்கும் வேலையை வெளியே தெரியாமல் செய்வது ஃபார்ச்சூனா என்டர்டெய்ன்மென்ட் என்ற நிறுவனம். பகலில் பாட்டு, நடிப்பு, விளம்பரம், மீதி நேரத்தில் பேய் ஓட்டுவது. தலைவி மைக்கோ ஷிமாசாகிக்கு முந்தைய இரவின் போதை தெளிந்த நாள் குறைவு. நடனமும் குரலும் சொல்லிக்கொடுப்பவர் பாரி குட்மேன், ஒரு காலத்தில் ஹெவி மெட்டல் கிதார் கலைஞர், இப்போது தீவிர அனிமே வெறியர்.

உலகைக் காப்பாற்றும் கதை என்று பார்த்தால் சாதாரணம்தான். அடுத்து யார் கடத்தப்படுவார், யார் மனம் மாறுவார் என்பதைப் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிடலாம். இழுத்துப் பிடிப்பது இடையில் வரும் தொழில் கவலைகள். முதல்முறை கேமரா முன் நிற்கும்போது கை கால் உதறுவது, தேர்வில் தோற்றுவிட்டு வெளியே சிரித்துக்கொண்டு நிற்பது, தன்னைவிடத் திறமையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடவேண்டி வருவது. இவற்றை கேம் கிண்டல் செய்வதில்லை. சுற்றி நடப்பது எல்லாம் அபத்தம், ஆனால் அந்த அபத்தத்துக்கு நடுவே ஒரு பெண் மைக்கைப் பிடிக்கப் பயப்படுவது மட்டும் முழு மரியாதையோடு சொல்லப்படுகிறது.

சண்டை எப்படி? அதுதான் முக்கியம்.

ஆமாம், அதுதான் முக்கியம். இந்த கேமை ஆடச் சொல்வதற்கு எனக்கு ஒரே காரணம் போதும் என்றால் ‘செஷன்’ என்று சொல்வேன்.

நம் அணியில் மூன்று பேர். திரையின் மேலே யாருக்கு அடுத்த டர்ன் என்ற வரிசை ஓடுகிறது. எதிரிக்கு எது பலவீனம் என்று கண்டுபிடித்து அதைக் கொண்டு அடித்தால், மற்றவர்கள் தங்கள் டர்னைச் செலவழிக்காமலேயே சேர்ந்து அடிப்பார்கள். யார் சேர்வார் என்பது அவரவரிடம் உள்ள செஷன் ஸ்கில்லைப் பொறுத்தது. அந்த ஸ்கில்கள் இரண்டு முனை கொண்டவை: இந்த வகை அடி விழுந்தால் நான் அந்த வகை அடி கொடுப்பேன் என்று அர்த்தம்.

ஓர் எடுத்துக்காட்டு. இட்சுகி மின்னல் அடிக்கிறான், எதிரிக்கு மின்னல் ஆகாது. த்சுபாசாவிடம் ‘மின்னலுக்குப் பின் ஈட்டி’ என்ற ஸ்கில் இருந்தால் அவள் உடனே பாய்வாள். டோமாவிடம் ‘ஈட்டிக்குப் பின் நெருப்பு’ இருந்தால் அவள் அடி விழுந்த கையோடு இவன் நெருப்பைக் கொட்டுவான். ஒரே டர்ன், மூன்று அடி. டோமாவிடம் ‘ஈட்டிக்குப் பின்’ எதுவும் இல்லாவிட்டால் சங்கிலி த்சுபாசாவோடு அறுந்துவிடும்.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. சண்டைக்குள் எடுக்கும் முடிவு பாதி, சண்டைக்கு வெளியே யாருக்கு எந்தக் கண்ணியைக் கொடுப்பது என்ற யோசனை மீதி. ஒரு புதிய எதிரி வந்ததும் ஒவ்வொரு வகையாக அடித்துப் பார்ப்பீர்கள். ஒருமுறை தெரிந்த பலவீனம் பிறகு குறிக்கப்பட்டு நிற்கும். எந்த அடியைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை பேர் சேர்வார்கள் என்பதையும் அடிக்கும் முன்பே காட்டிவிடுகிறார்கள். அதனால் மெனுவில் ஒவ்வொரு ஸ்கில்மேலும் கர்சரை நகர்த்தி, எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே நேரம் போகிறது. சாதாரணமாக ஆர்.பி.ஜி.யில் சலித்துப்போகும் அந்த மெனு நிமிடம்தான் இதில் சுவாரசியமான நிமிடம்.

எதிரிகளும் இதையே உங்களுக்குத் திருப்பிச் செய்வார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஆள் ஒருவரின் பலவீனத்தில் ஒரு அடி விழுந்து, அடுத்தவன் சேர்ந்து, அதற்கடுத்தவனும் சேர்ந்தால், முழு உயிரோடு நின்றவர் கண்ணெதிரே சரிந்துவிடுவார். அதனால் யாரை முதலில் வீழ்த்துவது என்ற வரிசை முக்கியமாகிறது.

இதற்கு மேல் சில தூவல்கள்: எஸ்.பி. என்ற சக்தி அளவு நிரம்பினால் தனிப்பட்ட மேடை நிகழ்ச்சி போன்ற பெரிய தாக்குதல். சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண அடிக்குப் பதில் ‘ஆட்லிப்’ என்று ஒரு கூத்து. இரண்டு பேர் சேர்ந்து பாடியோ நடித்தோ அடிக்கும் ‘டூவோ ஆர்ட்’ நடுவில் வந்தால், முடியப்போன சங்கிலி மறுபடி உயிர்பெறும். கதை நகர நகர ஆட்களும் ஸ்கில்களும் கூடி, ஒரே செஷன் பத்து அடியைத் தாண்டிப் போகும் அளவுக்கு இந்த அமைப்பு விரிகிறது. சண்டை நடக்கும் இடமோ ஒரு வட்டமான அரங்கம், சுற்றிலும் ரசிகர் கூட்டம், பின்னால் பெரிய திரைகள். அடி பலமாக விழுந்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. முதலில் சிரிப்பாக இருந்தது, போகப்போக அந்த ஆரவாரம் இல்லாத மற்ற கேம்களின் சண்டை வெறிச்சோடித் தெரிகிறது.

இவ்வளவு அனிமேஷன் ஒவ்வொரு முறையும் ஓடினால் சலிக்காதா?

சலிக்கும். வீ யூ பதிப்பில் அந்தக் குறை பெரிதாகவே இருந்தது. நாலைந்து அடி கொண்ட சங்கிலியை முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்கோரில் செஷனை வேகமாக ஓட்டிவிடும் வசதி சேர்த்திருக்கிறார்கள். பெரிய எதிரி என்றால் முழுசாகப் பார்க்கிறேன், வழியில் வரும் சில்லறைகளுக்கு ஓட்டிவிடுகிறேன். இந்த ஒரு மாற்றமே ஸ்விட்ச் பதிப்பைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

ஆயுதம் செய்வது, ஸ்கில் கற்பது எல்லாம் குழப்பமா?

குழப்பம் இல்லை, ஆனால் நடை அதிகம். எதிரிகள் விட்டுச்செல்லும் பொருள்களையும் பெர்ஃபார்மாவையும் கொண்டு புதிய ஆயுதம் உருவாக்கலாம். இதை ‘கார்னேஜ் யூனிட்டி’ என்கிறார்கள். ஒவ்வோர் ஆயுதத்திலும் சில ஸ்கில்கள் அடங்கியிருக்கும். அந்த ஆயுதத்தோடு சண்டை போடப்போட அவை ஒவ்வொன்றாக உங்களுடையதாகிவிடும். எல்லாம் கற்றதும் ஆயுதம் பழசு, அடுத்ததைச் செய்யப் போகவேண்டும். ‘ரேடியன்ட் யூனிட்டி’ என்பது இதற்கு இணையான இன்னொன்று, அது பாத்திரங்களுக்கே நிரந்தரத் திறன்களைக் கொடுப்பது.

கையில் எப்போதும் பாதி கற்ற ஏதோ ஒன்று இருப்பதால் சின்னச் சண்டைகூட வீண் என்று தோன்றுவதில்லை. லெவல் ஏற்றத்தைவிட இதுதான் என்னை டன்ஜனுக்குள், அதாவது எதிரிகள் நிறைந்த புதிர்க் கூடத்துக்குள், இழுத்துக்கொண்டே இருக்கிறது.

தொல்லை வேறிடத்தில். இந்த வேலையெல்லாம் நடப்பது ‘ப்ளூம் பேலஸ்’ என்ற ஒரே இடத்தில், அங்கே இருக்கும் டிக்கி என்ற பெண்ணிடம். டன்ஜன் நடுவில் புதிய ஆயுதத்துக்குத் தேவையான பொருள் கிடைத்துவிட்டது என்று தகவல் வரும். வெளியே வா, அலுவலகத்துக்குப் போ, பேலஸுக்குள் நுழை, செய், திரும்பி வா. சோம்பலாக இருக்கிறது என்று தள்ளிப்போட்டால் கற்று முடித்த ஆயுதத்தோடு வீணாகச் சண்டை போடுகிறோமே என்று மனம் உறுத்தும். மெனுவிலிருந்தே செய்ய விட்டிருந்தால் குடிமுழுகிப் போயிருக்காது.

டன்ஜன்கள் எப்படி?

மேலும் கீழுமாக இருக்கிறது. நல்ல பக்கம்: எதிரிகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வாளை வீசி அவர்களை வீழ்த்திவிட்டு சண்டையைத் தொடங்கலாம், அல்லது அப்படியே நழுவி ஓடலாம். சில நேரம் நம் லெவலுக்குச் சம்பந்தமே இல்லாத முரட்டு எதிரிக் கூட்டம் வந்து நிற்கும், அப்போது வீரம் காட்டாமல் ஓடுவது உத்தமம்.

டன்ஜனுக்கு ஒரு கருப்பொருள் உண்டு. ஷிபுயாவின் 109 கட்டடத்தைப் பகடி செய்யும் 106 என்ற துணிக்கடைக் கட்டடத்தின் மாய வடிவம் ஒன்று வருகிறது. உள்ளே மாடி உயரத்துக்குத் தொங்கும் ராட்சத உடைகள். அவற்றின் சட்டைக் கைகள்தான் பாலம். ஓர் இடத்தில் கையை உயர்த்தினால் ஒரு வழி திறக்கும், இன்னொரு வழி போய்விடும். அந்தக் கை நீட்டப்பட்டபோது, அதன்மேல் நம் ஆட்கள் எறும்பு மாதிரி ஓடிப்போவதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கருத்து அருமை. ஆனால் ஒரே புதிரை மூன்று மாடிக்கு இழுக்கும்போது அருமை குறைந்துவிடுகிறது.

வெளியே ஷிபுயா தெருக்களில் ஒரு வினோதம் கவனித்தேன். நமக்குத் தேவையான ஆட்கள் தவிர, கடந்துபோகும் ஜனங்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் நிழலுருவங்களாக நடக்கிறார்கள். பச்சை மனிதர், நீல மனிதர், ஆரஞ்சு மனிதர். வேலையைக் குறைக்கச் செய்த ஏற்பாடாக இருந்தாலும் ஊரே ஒரு விளம்பரச் சுவரொட்டி போல இருக்கிறது, நன்றாகவே பொருந்துகிறது.

பாத்திரங்களில் யார் மனதில் நிற்கிறார்கள்?

நாயகன் நிற்கவில்லை. இட்சுகி நல்ல பையன், எல்லோருக்கும் உதவுவான், அவ்வளவுதான். தனக்கென்று என்ன ஆசை என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் பாடகி, நடிகை, ஹீரோ என்று ஏதாவது ஒன்றுக்காகத் துடிக்கும்போது நடுவில் ஒருவன் வெறுமையாக நிற்பது ஒரு வகையில் தேவைதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

டோமா எனக்குப் பிடித்தவன். டிவியில் வரும் முகமூடி ஹீரோவாக வேண்டும் என்பது அவன் கனவு, அதற்காக மேடைக் காட்சிகளில் ரப்பர் உடைக்குள் வியர்த்து வழிகிறான். எலியோனோராவுக்கு ஹாலிவுட் போகவேண்டும். கிரியா வெளியே பனிக்கட்டி, உள்ளே அழகான பொம்மைகளைப் பார்த்தால் உருகிவிடுவாள்.

ஆனால் முதலிடம் மமோரிக்கு. சின்னப் பெண், ரசனையோ முந்தைய தலைமுறையுடையது. மைக்ரோவேவ் அடுப்பில் மட்டுமே சமைக்கும் ஒரு டிவி நிகழ்ச்சியை நடத்துகிறாள். அடுப்பின் ‘டிங்’ ஒலிக்கு அவள் கொடுக்கும் முகபாவம் ஒன்றே போதும். அந்த நிகழ்ச்சியின் பரம ரசிகர் யாரென்றால், மேலே சொன்ன ஹெவி மெட்டல் பாரி.

‘சைட் ஸ்டோரி’ எனப்படும் தனிக் கதைகளில்தான் இவர்கள் முழுசாகத் திறக்கிறார்கள். அவற்றை முடித்தால் புதிய ஸ்கில்களும் டூவோ ஆர்ட்களும் கிடைக்கும். கைபேசியில் வரும் செய்திகள் வழியாகத்தான் பெரும்பாலும் அழைப்பு வரும். ஒவ்வொருவரும் செய்தி அனுப்பும் தினுசு வேறு, படங்களும் குட்டிப் பொம்மைகளுமாக. அதை எழுதியவருக்கு ஒரு சபாஷ்.

பாட்டு கேட்க முடியுமா, இல்லை ஜப்பானிய பாப் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவேண்டுமா?

ஒவ்வாமை இருந்தால் தவிர்த்துவிடுங்கள், இதில் பாட்டு கதையின் முதுகெலும்பு. ஜப்பானின் பெரிய இசை நிறுவனமான ஏவெக்ஸ் இதில் பங்கெடுத்திருப்பதால் பாடல்கள் கேமுக்காக ஒப்பேற்றியவை போல இல்லை. நிஜமாக வெளியாகும் பாடல்களின் தரம். கிரியா பாடும் ‘ரீஇன்கார்னேஷன்’ ஆரம்பத்திலேயே வருகிறது, அதைக் கேட்டுப் பார்த்தாலே இந்த கேம் உங்களுக்கா இல்லையா என்று தெரிந்துவிடும். என்கோரில் ஒரு புதிய பாடலும் சேர்ந்திருக்கிறது.

குரல் ஆங்கிலத்தில் உண்டா?

இல்லை. ஜப்பானியக் குரல், கீழே ஆங்கில எழுத்து. இந்தக் கதைக்கு அது பொருத்தம் என்றே படுகிறது.

வெட்டப்பட்ட பதிப்பு என்று ஒரு சர்ச்சை கேள்விப்பட்டேனே?

2016இல் ஜப்பானுக்கு வெளியே வந்தபோது சில உடைகளை மாற்றினார்கள், பாத்திரங்களின் வயதைக் கூட்டினார்கள். நீச்சலுடைப் படப்பிடிப்பைச் சுற்றி நடந்த ஒரு பகுதியை ஃபேஷன் மாடலிங்காக ஆக்கி, அதற்கேற்ப வசனத்தையும் காட்சிகளையும் திருத்தினார்கள். ரசிகர்கள் அப்போதே சண்டை பிடித்தார்கள். 2020இல் என்கோர் வந்தபோது, அந்தத் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பதிப்பையே ஜப்பானுக்கும் அடிப்படையாக வைத்தார்கள். கோபம் இந்த முறை ஜப்பானிலிருந்தும் வந்தது.

உடைகள் மாறியதால் கேமின் சுவை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதையின் பொருளே மாறிய இடத்தில் மட்டும் தையல் தெரிகிறது. சினிமாத் தொழில் இளம்பெண்களை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சமாவது தொட்டிருக்கக்கூடிய ஒரு பகுதி, திருத்தியபின் வெறும் தன்னம்பிக்கைப் பாடமாகிவிட்டது.

வீ யூ பதிப்பா, ஸ்விட்ச் பதிப்பா?

ஸ்விட்ச். வீ யூவின் ஆன்லைன் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள், இனி அதை வட்டாகத் தேடினால்தான் உண்டு. வீ யூ பதிப்பில் கைபேசிச் செய்திகள் கையில் பிடித்திருக்கும் கேம்பேடின் திரையில் வரும். உண்மையிலேயே கையில் ஃபோன் வைத்திருப்பதுபோல இருக்கும், அந்த ஒன்றை மட்டும் ஸ்விட்சால் தரமுடியவில்லை. பதிலுக்கு லோடிங் வேகம் கூடியிருக்கிறது. டிக்கி, மைக்கோ, பாரி மூவரும் செஷனில் கலந்துகொள்கிறார்கள். புதிதாக ஒரு கூடுதல் கதையும் அதற்கொரு டன்ஜனும் உண்டு. அட்லஸின் இன்னொரு கேமான பெர்சோனா 5இன் நாயகன் ஜோக்கருடைய உடை போன்ற சில வேஷங்களும் அதில் கிடைக்கும்.

பெர்சோனா 5 மாதிரியா?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதே நிறுவனம், அதே டோக்கியோ, மனிதர் மனதின் கோணல் டன்ஜனாக மாறும் அதே உத்தி. ஆனால் இதில் நாள்காட்டி இல்லை. இன்று யாரோடு பழகுவது, நாளை பரீட்சை என்ற நெருக்கடி கிடையாது. எப்போது வேண்டுமானாலும் யாருடைய தனிக்கதையையும் பார்க்கலாம். அந்த நெருக்கடிதான் பெர்சோனாவின் உயிர் என்று நினைப்பவருக்கு இது தளர்வாகத் தெரியும். நேரக் கணக்கு போட்டுக் களைத்தவருக்கு இது ஓய்வு. சண்டையில் மட்டும், என் தராசில், இது ஒரு படி மேல்.

எவ்வளவு கடினம்? எவ்வளவு நீளம்?

ஈஸியிலிருந்து லூனடிக் வரை நிலைகள் உண்டு. நார்மலில் சாதாரண எதிரிகள் மிரட்டுவதில்லை, அத்தியாயத் தலைவர்கள் கொஞ்சம் கை வைப்பார்கள். கதையை மட்டும் முடிக்கவே நாற்பது மணிநேரம் தேவைப்படும், தனிக்கதைகளையும் பார்த்தால் இன்னும் நீளும்.

இதுவரை ஆடியதில் பெரிய குறை?

ப்ளூம் பேலஸ் நடையைச் சொல்லிவிட்டேன். அதற்கடுத்து, தனிக்கதைகளை ஒரேயடியாகத் திறக்காமல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பூட்டி வைப்பது. ஒரு பெரிய அத்தியாயம் முடிந்ததும் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவார்கள். அதை எல்லாம் தீர்ப்பதற்குள் முக்கியக் கதையின் சூடு ஆறிவிடுகிறது. அப்புறம், வில்லன்கள். ஃபயர் எம்பளத்தில் கொஞ்சமாவது ஆழம் இருந்த கெட்டவர்களைப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, கத்திச் சிரிப்பவர்களாக ஆக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான காங்ரெல் யார் என்று தெரிந்தவர்களுக்கு இது வலிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

புதிய ஆயுதத்தின் பலத்தைப் பார்க்காதீர்கள், அதிலிருக்கும் செஷன் ஸ்கில்லைப் பாருங்கள். தாக்கும் எண் குறைவாக இருந்தாலும் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கூட்டும் ஆயுதமே மேல். ஒருவர் கொண்டிருக்கும் ஸ்கில்களில் முதல் முனைகள் பலவகையாக இருக்கட்டும். மூவருமே மின்னலுக்கு மட்டும் காத்திருந்தால் வாளால் அடிக்கும்போது யாரும் வரமாட்டார்கள்.

ஸ்கில் வைக்க இடம் குறைவு, எதையாவது மறந்தே ஆகவேண்டும். செஷன் ஸ்கில்லைக் கடைசியில் மறக்கலாம். பொருள்களை விற்கும் முன் டிக்கியிடம் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிடுங்கள். சண்டைக்கு வெளியே நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம் என்பதால், முரட்டு எதிரிக் கூட்டம் தென்படும் டன்ஜனில் ஒவ்வொரு மாடி ஏறியதும் ஒருமுறை சேவ் செய்துகொள்ளுங்கள்.

இதே மாதிரி வேறு கூட்டு கேம்கள் உண்டா?

கிறுக்குத்தனம்தான் வேண்டுமென்றால் 2017இல் ஸ்விட்சுக்கு வந்த மாரியோ பிளஸ் ராபிட்ஸ்: கிங்டம் பேட்டில். மாரியோவும் கத்திக்கொண்டு ஓடும் முயல்களும் துப்பாக்கியோடு மறைந்து சுடும் டர்ன் முறை உத்தி கேம் அது, கேட்கும்போது பைத்தியக்காரத்தனம், ஆடினால் கச்சிதம். நிறையப் பாத்திரங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்கவேண்டுமென்றால் நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ்ஸில் வந்த ப்ராஜெக்ட் எக்ஸ் ஸோன், அதில் நாம்கோ, கேப்காம், சேகா மூவருடைய ஆட்களும் குவிந்திருப்பார்கள், கதையைத்தான் தேடவேண்டும். அட்லஸின் சொந்தக் கூட்டு வேண்டுமென்றால், பெர்சோனா 3, 4 ஆட்களை ஒரே டன்ஜனில் அடைத்த பெர்சோனா க்யூ. மூன்றில் சண்டையின் திருப்திக்கு டோக்கியோ மிராஜ் செஷன்ஸுக்குப் பக்கத்தில் வருவது மாரியோ மட்டும்.

முடிப்பீர்களா?

நிச்சயம். மமோரியின் மிராஜ் டிராக் சண்டையில் கோடரியைத் தூக்கத் தொடங்கிவிட்டால், ஈட்டிக்காரர்களிடம் இதுவரை அறுந்துகொண்டிருந்த என் சங்கிலிகள் ஒட்டிக்கொள்ளும். அதற்கான கண்ணிகளை இப்போதே டோமாவிடம் கற்றுவைத்துக்கொண்டிருக்கிறேன்.